எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

கூடி வாழ்தல் மாந்தர்க்கு இயல்பு என்பர். ஆனால், கூடி வாழத் தொடங்குதல் எளிதன்று. முன்பின் அறியாத நிலம். முன்பின் அறியாத துணை. கையிருப்போ சில நாள்களுக்கு மட்டுமே. இந்நிலையில் முதலில் செய்யத்தக்கது யாது? கூரை வேய்வதா, விதை விதைப்பதா, வேலி கட்டுவதா? யார்க்கு முதலில் உணவு? யார்க்கு முதலில் மருந்து? ஊர்கள் தோன்றிய காலந்தொட்டு இவ்வினாக்கள் இருந்தே வந்துள்ளன. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கினான், குளம் தொட்டு வளம் பெருக்கினான் என்று பட்டினப்பாலை பாராட்டும். அக்காட்டில் முதல் இரவைக் கழித்த குடியினர் என்ன எண்ணினர், எதற்கு அஞ்சினர் என்பதை அப்பாட்டு நமக்குச் சொல்லவில்லை.

இவ்வினாக்களை நாம் நூல்களின் வாயிலாக எதிர்கொள்ளவில்லை. நம் மகன் கற்றுத் தந்த ஒரு விளையாட்டின் வாயிலாகவே எதிர்கொண்டோம். அவ்விளையாட்டில் நாம் செய்த ஒரு பிழையையும், அலுவலகத்தில் நாம் செய்த மற்றொரு பிழையையும், கல்லாற்றங்கரையில் கழித்த ஒரு பகலையும் சேர்த்து எண்ணியபோது தோன்றிய கருத்துகளே இக்கட்டுரை. விளையாட்டைப் பற்றிச் சங்க மலரில் எழுதுவதா என்று அன்பர்கள் நகைக்க வேண்டா. சதுரங்கத்தைக் கொண்டு அரசியல் பேசிய மரபு உலகெங்கும் உண்டு. இதுவும் அத்தகையதே.

விளையாட்டின் தொடக்கம்

நாம் நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். வாழ்வின் பெரும்பகுதி கோப்புகளோடு கழிகிறது. கணிப்பொறி நமக்குக் கடிதம் அடிக்கும் கருவி. அதற்குமேல் அதனிடம் நட்பில்லை. கல்லூரியில் பயிலும் நம் மகனுக்கோ அது வேறோர் உலகம். மழைக்காலத்து விடுமுறை ஒன்றில், வெளியே செல்ல இயலாது வீட்டில் அடைபட்டிருந்த நம்மை அவன் அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டான்.

அவன் காட்டியது 'ரிம்வேர்ல்டு' என்னும் விளையாட்டு. டைனன் சில்வெஸ்டர் என்பார் உருவாக்கியது. 2013இல் முதல் வடிவம் வெளிவந்து, 2018இல் முழுமை பெற்றது. இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 2006இல் வெளியான 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. அதனை டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆண்டுக் கணக்கில் உழைத்துச் செதுக்கினர். இவற்றில் ஓடிப் பிடிப்பதும் இல்லை. ஒருவரையொருவர் முந்துவதும் இல்லை. ஒரு சிறு குடியேற்றத்தை உயிரோடு காப்பதே ஆட்டம்.

வானூர்தி உடைந்து, மக்கள் அருகிய கோள் ஒன்றில் மூவர் வந்து விழுகின்றனர். அவர்களிடம் பொதியுணவு 50, மருந்து 30, வெள்ளிக்காசு 800, சிறிதளவு எஃகு, மரம், சில படைக்கருவிகள். அவ்வளவே. அவர்களை நாம் கைபிடித்து நடத்துவதில்லை. இங்கே கிடங்கு, இங்கே வயல், இங்கே சுவர் என்று நிலத்தில் கோடிட்டுக் காட்டுகிறோம். இன்னார்க்கு இன்ன வேலை முதன்மை என்று பட்டியல் இடுகிறோம். பின்னர் அவர்கள் தாமே எழுகின்றனர், உழைக்கின்றனர், உண்கின்றனர், உறங்குகின்றனர், சினம் கொள்கின்றனர், அழுகின்றனர்.

தொடங்குவோர்க்கு நம் மகன் கூறிய அறிவுரைகள் நல்ல இல்லறத்தானுக்கும் பொருந்துவன. கிடங்குக்குக் கூரை வேய்ந்து உணவை மழையினின்று காக்க வேண்டும். முதலில் நெல் விதைக்க வேண்டும். அது விரைவில் விளையும். சோளம் மிகுதியாகத் தரும். ஆனால் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவர்க்கும் தனிப்படுக்கை வேண்டும். உணவுண்ண மேசை ஒன்று உடனே செய்ய வேண்டும். மேசையின்றித் தரையில் அமர்ந்து உண்டால் அவர்தம் மனநிலை 3 புள்ளி குறையும்! தரையில் இலைபோட்டு உண்டு வளர்ந்த நமக்கு இது நகைப்பைத் தந்தது. எனினும், வயிற்றுக்குச் சோறு போட்டால் போதாது, மதிப்போடு போட வேண்டும் என்னும் கருத்தை அவ்விளையாட்டு அறிந்து வைத்திருக்கிறதே என்ற வியப்பும் எழுந்தது.

ஒவ்வொருவருடைய திறனும் எண்ணால் குறிக்கப்படுகிறது. சமையலில் இவ்வளவு, மருத்துவத்தில் இவ்வளவு, உழவில் இவ்வளவு என்று 20 வரை அளவீடு. உடல்நலம் நூற்றுக்கு இவ்வளவு. மனநிலை நூற்றுக்கு இவ்வளவு. எழுத்தராகிய நமக்கு இது மிகவும் பழகிய உலகமாகவே தோன்றியது. பணிப்பதிவேட்டைப் புரட்டுவது போலவே இருந்தது எனலாம்.

முதியவர் இறந்தார்

நம் மூவருள் ஒருத்தி மருத்துவம் அறிந்தவள். மற்றொருவன் இளைஞன்; கட்டடம் எழுப்புவதில் வல்லவன். மூன்றாமவர் முதியவர். முதுகுவலி உடையவர். எந்தத் திறனிலும் அவருடைய எண் உயர்ந்ததன்று. அவரைப் பார்த்தவுடன், இவரால் என்ன பயன் என்று நம் உள்ளம் கேட்டது. அவ்வினா எழுந்த கணத்திலேயே பிழை தொடங்கிவிட்டது என்பதை நாம் அப்போது உணரவில்லை.

ஐந்தாம் நாள் கத்தியேந்திய கொள்ளையன் ஒருவன் வந்தான். அவனை எதிர்த்ததில் இளைஞனும் முதியவரும் புண்பட்டனர். இளைஞனுக்கு மருந்திட்டோம். முதியவருடைய புண்ணில் சீழ் பிடித்தது. ஒவ்வொருவர்க்கும் எத்தகைய மருத்துவம் அளிக்கலாம் என்று குறிக்கும் இடம் ஒன்று அவ்விளையாட்டில் உண்டு. மருத்துவமே வேண்டா என்பது ஒன்று. கவனிப்பு உண்டு, மருந்து இல்லை என்பது மற்றொன்று. அதற்குமேல் மருந்தின் தரத்திற்கேற்பப் படிகள். நாம் முதியவர் பெயருக்கு நேரே 'கவனிப்பு உண்டு, மருந்து இல்லை' என்று குறித்தோம். மருந்தைச் சேமிக்க வேண்டும் அன்றோ? நாளை யார்க்கு என்ன நேருமோ? இதனைச் சிக்கனம் என்றே எண்ணினோம். உள்ளத்தில் சிறு பெருமிதமும் இருந்தது.

எட்டாம் நாள் முதியவர் இறந்தார்.

மற்ற இருவருடைய மனநிலையும் தாழ்ந்தது. 'உடனிருந்தவர் இறந்தார்' என்று குறிப்பு எழுந்தது. அக்குறிப்பு சில நாள்களில் தானே மறையும் என்பதை நாம் அதற்குள் கற்றிருந்தோம். ஆகவே, "பரவாயில்லை, சரியாகிவிடும்" என்றோம்.

மகன் நம் முகத்தைப் பார்த்தான். "அப்பா, அவருக்கு ஏன் மருந்து கொடுக்கவில்லை?" என்று கேட்டான்.

"மற்றவர்களுக்கு வேண்டுமே" என்றோம்.

"மருந்து இன்னும் 26 இருக்கிறதே, அப்பா" என்றான்.

நம்மிடம் விடையில்லை. திரையில் இருந்தவர் உயிருள்ள மனிதர் அல்லர், வெறும் படம். எவர்க்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும், அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இறந்தவர்க்காக வருந்தினோம் அல்லோம். அவரை இறக்கவிட்ட நம் கை எவ்வளவு எளிதாக அசைந்தது என்று எண்ணியே வருந்தினோம்.

விலை கொடுத்தால் போதுமா?

இங்கே ஓர் அடிப்படை வினா எழுகிறது. தீமை என்பது யாது? அதனால் விளையும் இழப்புத்தானா? அல்லது அதற்கும் அப்பாற்பட்ட ஒன்றா?

விளையாட்டின் கணக்கில் தீமைக்கு விலை உண்டு. பிடிபட்ட பகைவனுடைய உடலுறுப்பை அறுத்தெடுத்து விற்கவும் அது இடம் தருகிறது. அவ்வாறு செய்தால் குடியினருடைய மனநிலை குறையும். அக்குறைவும் நாளடைவில் நீங்கும். அவ்வளவே தண்டனை. மேலும், 'இரக்கம் அற்றவர்' என்னும் இயல்புடையோர் சிலர் அதில் உண்டு. அவர்களுக்கு அக்குறைவும் இல்லை. இரக்கமற்றோரையே தேர்ந்து ஒரு குடியேற்றம் அமைப்போமாயின், எக்கொடுமையும் இலவசமாகிவிடும்.

இதிலிருந்தே விலைக்கணக்கின் குறை புலப்படும். தீமை என்பது செய்பவனுக்கு நேரும் மனவருத்தமே எனில், வருந்தாதவன் செய்வது தீமையாகாது. கொடியவனே குற்றமற்றவன் ஆவான். இதனை எவரும் ஒப்பார். எனவே, தீமையின் அளவு செய்பவனுடைய உள்ளத்தில் இல்லை, செய்யப்பட்டவனிடத்தில் உள்ளது. செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட தம் நூலில், எந்த மனிதரையும் பிறருடைய நோக்கத்திற்கு வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று வற்புறுத்தினார். நம் மணிமேகலைக் காப்பியமோ இதனை நிகழ்ச்சியாகவே காட்டிற்று. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை அரசனிடம் வேண்டியது பொன்னோ நிலமோ அன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கித் தருமாறு வேண்டினாள். சிறைப்பட்டவரும் பசிப்பவரே என்பதை அவள் அறிந்திருந்தாள்.

எதிர்வாதத்தையும் நாம் மறைக்கலாகாது. பற்றாக்குறை என்பது உண்மை. மருந்து ஒன்றே இருந்து நோயாளர் இருவர் இருப்பின் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். கண்ணீர் வடித்து இருவரையும் இழப்பது அறமாகாது. நெப்போலியனுடைய படையில் மருத்துவராய் இருந்த லாரே என்பார், புண்பட்ட வீரர்களை வகைப்படுத்தி மருத்துவம் செய்யும் முறையை நிலைநாட்டியவருள் முதன்மையானவர். இன்று பேரிடர்க் காலங்களில் மருத்துவர் பின்பற்றும் முறைக்கு அதுவே மூலம். அதுவும் எண்ணிப் பிரிப்பதுதானே என்று கேட்கலாம்.

ஆம், அதுவும் எண்ணுதலே. ஆனால் லாரே எதைக் கொண்டு பிரித்தார் என்பதை நோக்க வேண்டும். படைத்தலைவனா, சிப்பாயா என்று அவர் பார்க்கவில்லை. யாருடைய புண் கொடியது என்றே பார்த்தார். தேவையை எண்ணினார். நாமோ முதியவருடைய பயனை எண்ணினோம். மேலும், நம்மிடம் மருந்து ஒன்று அன்று; 26 இருந்தது. பற்றாக்குறையால் கைவிடுதல் வேறு. பற்றாக்குறை வரக்கூடும் என்னும் அச்சத்தால் கைவிடுதல் வேறு. முன்னது துயரம். பின்னது கணக்கின் போர்வையில் வரும் கொடுமை.

போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2018இல் வெளியிட்ட 'ஃப்ராஸ்ட்பங்க்' என்னும் விளையாட்டையும் மகன் பின்னர்க் காட்டினான். உலகம் பனியில் உறைந்துவிட்டது. ஒரு பெரிய வெப்பப் பொறியைச் சுற்றி எஞ்சிய மக்கள் குடியேறுகின்றனர். அங்கே ஆள்பவர் கையில் ஒரு சட்டப் புத்தகம் தரப்படுகிறது. சிறுவரை வேலைக்கு அனுப்பலாம்; அல்லது அவர்களுக்குக் காப்பகம் அமைக்கலாம். கூழில் நீரைக் கூட்டலாம். உணவில் மரத்தூளையும் கலக்கலாம். ஒவ்வொரு சட்டமும் அன்றைய இடரால் ஏற்றது போலவே தோன்றும். இறுதியில் நகர் பிழைத்துவிடும். அப்போது, நாம் இயற்றிய சட்டங்களை ஒவ்வொன்றாக நினைவூட்டி, இவ்வளவுக்கும் இது தகுமா என்று அவ்விளையாட்டு நம்மையே கேட்கிறது. பிழைத்தபின் கேட்பதைக் காட்டிலும் தொடங்குமுன் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றியது.

நம் மேசைமேல் ஒரு கோப்பு

உறங்காத அவ்விரவில் நம் நினைவுக்கு வந்தது ஓர் அம்மையாருடைய கோப்பு. சில ஆண்டுகட்கு முன் நடந்தது. கணவரை இழந்த அவ்வம்மையார் குடும்ப ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்திருந்தார். சான்று ஒன்று இணைக்கப்படவில்லை. நாம் முறைப்படி, 'உரிய சான்று இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதினோம். விதியின்படி அது சரியான குறிப்பே. அம்மையார் மீண்டும் அனுப்பினார். மீண்டும் ஏதோ குறை. நான்கு திங்கள் கடந்தன.

ஒருநாள் அவரே நேரில் வந்துவிட்டார். கையில் துணிப்பை, பையில் நம் கையெழுத்திட்ட கடிதங்கள் அனைத்தும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அமரச் சொன்னோம். அமரவில்லை. "ஐயா, இந்தச் சான்றை என் வீட்டுக்காரர் இருக்கும்போதே இங்கே கொடுத்தாரே" என்றார். தேடினோம். நம் நாற்காலிக்குப் பின்னால், பத்தடி தொலைவில் இருந்த அலமாரியில், இணைக்கோப்பு ஒன்றில் அச்சான்று இருந்தது. அந்த நான்கு திங்களும் அவர் எவ்வாறு உண்டார், யாரிடம் கடன்பட்டார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இல்லை.

நாம் கொடியவர் அல்லோம். எவரிடமும் கையூட்டுப் பெற்றதில்லை. விதியை மீறியதில்லை. பின் பிழை எங்கே? நம் முன் இருந்தது கோப்பு எண், அம்மையார் அல்லர். அவர் நான்கு திங்கள் பட்டினி கிடப்பினும் நம் ஊதியம் உரிய நாளில் வந்துவிடும். நாம் எண்ணுகிறோம், நாம் எண்ணப்படுவதில்லை. திரைக்கு முன் அமர்ந்திருந்தபோதும் இதே நிலைதான். அங்கே அவர்கள் பசித்திருந்தனர். இங்கே நம் கையருகில் சூடான காப்பி இருந்தது. எண்ணுபவன் எண்ணிக்கைக்கு வெளியே அமர்ந்திருத்தலே அவ்விரு பிழைகளுக்கும் வேர்.

கல்லாற்றங்கரையில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை ஓய்ந்தது. குடும்பத்துடன் கல்லாற்றுக்குச் சென்றோம். திருவனந்தபுரத்தினின்று நெடுமங்காடு, விதுரை வழியாகச் செல்லும் பேருந்து, பொன்முடி மலையின் அடிவாரத்தில் நம்மை இறக்கிவிட்டது. அங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சாலை மலைமேல் ஏறுகிறது. வாமனபுரம் ஆற்றோடு சேரும் கல்லாறு, தன் பெயருக்கேற்ப உருண்டு திரண்ட கற்களுக்கிடையே ஓடுகிறது. தெளிந்த நீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மலைமேல் மழை பெய்தால் நொடியில் பெருகும். ஆகவே கரையிலேயே அமர்ந்தோம்.

எதிரே அடர்ந்த காடு. மகன், "அப்பா, விளையாட்டில் வரும் நிலம் போலவே இருக்கிறது. இங்கேயே ஒரு குடியேற்றம் தொடங்கலாம்" என்றான். அவன் விளையாட்டாகவே சொன்னான். எனினும் அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில் அக்காடு ஆளற்ற நிலம் அன்று. அகத்தியமலையின் இருபுறத்தும், கேரளத்திலும் தமிழகத்திலும், காணிக்காரர் என்னும் பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவுடையது. வெறுங்காடு என்று வெளியார் காணும் இடத்தில், அவர்கள் பெயரிட்ட மரங்களும் வழிகளும் ஊற்றுகளும் உள்ளன.

கல்லாற்றுக் காட்டினுள் மொட்டமூடு என்னும் காணிக்குடியைச் சேர்ந்த இலட்சுமிக்குட்டி அம்மையாருக்கு 2018இல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. மருத்துவச்சியாக விளங்கிய தம் தாயிடமிருந்து கற்ற நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை அவர் நினைவிலேயே வைத்திருந்தவர். நச்சுமுறிவு மருத்துவத்தில் பேர்பெற்றவர். பாம்பு கடித்தவர்கள் அவரை நாடிக் காட்டுவழியே சென்றனர். அவருடைய மருந்துப் பெட்டி அக்காடே. அவர் யார்க்கு மருந்து கொடுத்தாரோ அவர்களோடு அதே மழையில் நனைந்தவர். அதே யானைத்தடத்தில் நடந்தவர். அதே பாம்புக்கு அஞ்சியவர். எண்ணிக்கைக்குள்ளேயே நின்று எண்ணியவர் என்று அவரைக் கூறலாம்.

நாம் ஆடிய விளையாட்டிலும் மூலிகை உண்டு. குணம் தரும் வேர் என்று பொருள்படும் பெயருடைய செடி ஒன்று காட்டில் தானே முளைத்திருக்கும். பறித்து மருந்தாக்கிக்கொள்ளலாம். அது மருந்து என்பதை முதலில் அறிந்தவர் யார்? அவ்விளையாட்டில் இவ்வினாவுக்கு இடமில்லை. வந்திறங்கியவுடன் எல்லாம் நமக்குத் தெரிந்திருக்கும். உண்மை உலகில் அவ்வாறன்று. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வு மேற்கொண்ட அறிவியலாளர், வழிகாட்டியாக வந்த காணிக்காரர் ஒருவகைச் செடியின் காய்களை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அவர்களிடம் கேட்டறிந்தனர். அச்செடியே 'ஆரோக்கியப்பச்சை'. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, அதன் உரிமையைக் கோவை நிறுவனம் ஒன்றுக்கு வழங்கிற்று. வந்த வருவாயில் பாதியைக் காணிக்காரர்க்கே அளிப்பதென முடிவாயிற்று. 1997இல் அதற்கென அவர்களுக்கு ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அறிவுக்கு உரியவர்க்குப் பங்கு தந்த முயற்சி என்று உலகம் அதனைப் பாராட்டிற்று. அதே வேளையில், எங்களைக் கேட்கவில்லையே என்று காணிக்குடிகள் சிலவற்றிலிருந்து குறையும் எழுந்தது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரு பாடங்கள் உள. பங்கிட வேண்டும் என்று எண்ணியது நன்று. ஆனால், யாரைக் கேட்டோம், யாரைக் கேட்க மறந்தோம் என்னும் வினா நல்ல செயலையும் விடாது பின்தொடர்கிறது. எண்ணிக்கையில் விடுபட்டவர் எங்கோ இருந்துகொண்டே இருப்பர். அவர் குரல் கேட்கும்போது, 'கணக்கு முடிந்துவிட்டது' என்று சொல்லலாகாது. கணக்கை மீண்டும் திறக்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்

வீடு திரும்பியபின் நாமே மகனிடம், "மறுபடி ஒன்று தொடங்குவோமா?" என்று கேட்டோம். தொடங்கினோம். இம்முறை கோடு கிழிக்குமுன் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். எண்ணை மட்டுமன்றி, அவர் எங்கிருந்து வந்தார், எதில் விருப்பமுடையவர் என்னும் குறிப்புகளையும் படித்தோம். விதைக்குமுன் மேசை செய்தோம். மருந்துக் குறிப்பில் மூவருக்கும் ஒரே வரியைக் குறித்தோம். யார்க்குப் புண் கொடியதோ அவருக்கே முதல் மருந்து என்பதை நமக்குள் விதியாக வைத்துக்கொண்டோம். இறந்தவரைப் புதைத்தற்கும் இடம் ஒன்று ஒதுக்கினோம்.

இதனால் அக்குடியேற்றம் செழித்தது என்று எழுதினால் கேட்க இனிமையாக இருக்கும். உண்மை அவ்வாறில்லை. அவ்விளையாட்டில் ஓர் ஆண்டுக்கு 60 நாள்கள். இலையுதிர் காலத்தில் நோய் பரவியது. மருந்து முழுவதும் செலவாயிற்று. பனிக்காலத்தில் கொள்ளையர் மீண்டும் வந்தனர். 52ஆம் நாள் நம் குடியேற்றம் அழிந்தது. தோல்வியும் இன்பமே என்பது இவ்வகை விளையாட்டினரிடையே வழங்கும் மொழி. மகன் சிரித்துக்கொண்டே அதனை நினைவூட்டினான்.

முதல் முறை முதியவர் ஒருவர் இறந்தார்; நமக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாம் முறை அனைவரும் இறந்தனர். வருத்தம் இருந்தது, ஆனால் உறங்கினோம். இழப்பின் அளவே தீமையின் அளவாயின் இது தலைகீழாக அன்றோ இருந்திருக்க வேண்டும்? தோற்றல் வேறு, தவறு செய்தல் வேறு என்னும் பழைய உண்மையை அன்று நாம் புதிதாக அறிந்தோம்.

சிக்கனமாக இருந்திருந்தால் பிழைத்திருக்கலாமே என்று கேட்பவர் இருக்கலாம். இருக்கலாம்தான். அறவழி வெற்றிக்கு உறுதி தருவதில்லை. அவ்வாறு உறுதி தருமாயின் அறம் என்பது நல்ல வணிகம் என்றாகிவிடும். பிழைத்தல் வேண்டும், அதற்கு எண்ணித்தான் ஆக வேண்டும். நெல்லை அளக்காத இல்லம் ஆடியில் பட்டினி கிடக்கும். பட்டியலும் பதிவேடும் இல்லாத அரசில் ஏழைக்கு அரிசி சென்று சேராது. எண்ணுதலை நாம் பழிக்கவில்லை. அதுவே நம் தொழில். ஆனால் எண்ணுகின்றவன், தன்னையும் அப்பட்டியலில் ஒரு வரியாக எழுதிப் பார்க்க வேண்டும். அந்த முதுகுவலி முதியவர் நாளை நாமே ஆவோம். துணிப்பையோடு நிற்கும் அம்மையார் நாளை நம் இல்லத்தாராகவும் இருக்கலாம். தன் பெயர் அவ்வரியில் வந்தாலும் இதே குறிப்பை எழுதுவோமா என்று கேட்டுப் பார்த்து, ஆம் என்று உள்ளம் சொன்னால் எழுதலாம்.

இப்போது கோப்பு ஒன்றைத் திருப்பி அனுப்பும் குறிப்பை எழுதுமுன் நாம் நாற்காலியினின்று எழுகிறோம். பின்னால் உள்ள அலமாரியைத் திறந்து பார்க்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் இராது. சிலவேளை இருக்கும். பத்தடி தொலைவுதான். அந்தப் பத்தடியை நடப்பதற்கு நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.